காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடுது, ஒரு பட்டை உருவிடலாமா?

முட்டைவண்டி

வணக்கம்ங்க. சொந்த வண்டி, 1.7 டன் பிக்கப், நாலு வருஷம் ஓடியிருக்கு. நாமக்கல்லில் முட்டை ஏத்தி திருச்செங்கோடு, ஈரோடு, பெருந்துறை, திருப்பூர்னு கடை கடையா இறக்கிட்டு வர்றதுதான் பொழப்பு. கிளம்பும்போது 900 அட்டை, அட்டைக்கு 30 முட்டை. எடை போட்டா ஒன்றரை டன் வரும்.

லோடு இருக்கும்போது வண்டி கப்பல் மாதிரி போகும். பாதி இறங்கினதும் ஆரம்பிக்கும் பாருங்க, ஒவ்வொரு வேகத்தடைக்கும் பின்பக்கம் தூக்கி அடிக்குது. காலியா திரும்பி வரும்போது இடுப்பு கழண்டுடும் போல இருக்கு. வீட்டுக்கு வந்து கால் மணி நேரம் தரையில படுத்தாத்தான் நிமிர முடியுது. எனக்கு 34 வயசுதான்.

இடுப்பைக்கூட விடுங்க. முதல் கடைகளில் உடைசலே இருக்காது. திருப்பூர் கடைசிக் கடையில மட்டும் 100 அட்டைக்கு 50, 60 முட்டை விரிசல் விழுந்து கிடக்கு. கடைக்காரர் காசைக் கழிச்சுக்கிறார். ஒரே வண்டி, ஒரே டிரைவர், ஒரே முட்டை.

பின்பக்க லீஃப் ஸ்பிரிங்ல அடுக்கடுக்கா இருக்கிற இரும்புப் பட்டையில ஒண்ணை உருவிட்டா மெத்துனு ஆயிடும்னு நண்பர் ஒருத்தர் சொல்றார். பட்டறையில ஆயிரத்துக்குள்ள முடிஞ்சிடுமாம். செய்யலாமா?

கொல்லிமலை70

தாராளமா உருவுங்க. நான் ரெண்டு வருஷம் முன்னாடி உருவினேன். பஞ்சு மாதிரி போகுது. என்னோடது பிளாஸ்டிக் சாமான் லோடு, என்னைக்கும் 600 கிலோ தாண்டாது.

பட்டறை_சேலம்

தம்பி, நான் 22 வருஷமா பட்டை வேலை பார்க்கிறேன். உருவுறது எனக்குப் பத்து நிமிஷம், காசும் வரும். ஆனா ஒன்றரை டன் ஏத்துற வண்டியில செய்யாதே.

எந்தப் பட்டையை உருவுவாங்க தெரியுமா? அடியில இருக்கிற தடிச்ச பட்டையை. கைக்கு முதல்ல கிடைக்கிறதும் அதுதான், முழு லோடு உக்காரும்போது மெயின் பட்டைக்கு, அதாவது ரெண்டு நுனியும் கண்ணு மாதிரி சுருட்டி வண்டியோட மாட்டியிருக்கிற மேல் பட்டைக்கு, முட்டுக் கொடுக்கிறதும் அதுதான். அது இல்லேன்னா வளைவு எல்லாம் மெயின் பட்டை தலையில விழும். போன வருஷம் ஒரு பையன் வண்டியை இழுத்துட்டு வந்தாங்க. வெளியில எங்கேயோ உருவியிருக்கான், மக்காச்சோளம் ஏத்தி இறக்கத்துல வரும்போது மெயின் பட்டை கண்ணு பக்கத்துல முறிஞ்சிருக்கு. ஆக்சில் ஒரு பக்கம் பின்னாடி நகர்ந்து டயர் தொட்டியில உரசி நின்னுடுச்சு. நேர் ரோடா இருந்ததால ஆள் பிழைச்சான். கொல்லிமலை கொண்டை ஊசியில நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நீயே நினைச்சுப்பாரு.

உன் பிரச்சினை பட்டை எண்ணிக்கையில இல்லைனு தோணுது. நாலு வருஷத்துல பட்டை செட்டைக் கழட்டிச் சுத்தம் பண்ணியிருக்கியா? பட்டை நுனியைச் சேசிஸோட சேர்க்கிற ஷேக்கிள்ல இருக்கிற ரப்பர் புஷ் மாத்தினியா? டயர்ல எவ்வளவு காத்து வைக்கிற?

முட்டைவண்டி

அண்ணே, பட்டை செட்டைத் தொட்டதே இல்லை. புஷ்ஷும் மாத்தினதில்லை. காத்து நாலு சக்கரத்துலயும் 75 பவுண்டு. டயர் கடைக்காரர் அப்படித்தான் அடிப்பார், லோடு வண்டிக்கு நல்லதுன்னு.

அதிர்வெண்

நான் வாகன சஸ்பென்ஷன் துறையில் வேலை செய்கிறேன். கடைசிக் கடையில் மட்டும் உடைசல் என்று எழுதியிருக்கிறீர்களே, இந்த வண்டி ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கான விடை அதிலேயே இருக்கிறது.

ஒரு வேலை செய்யுங்கள். எடை மேடையில் பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி, காலி வண்டியில் ஒரு தடவை, முழு லோடில் ஒரு தடவை எடை பாருங்கள். அதோடு, பின் ஆக்சிலுக்கு நேர் மேலே சேசிஸிலிருந்து தரை வரை எவ்வளவு உயரம் என்பதையும் இரண்டு தடவையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள்.

முட்டைவண்டி

பார்த்துட்டேன் சார். பின் ஆக்சில் காலியில 740 கிலோ, முழு லோடில 2,140 கிலோ. உயர வித்தியாசம் 8 செ.மீ.

அதிர்வெண்

நன்றி. 1,400 கிலோ ஏறியதும் 8 செ.மீ. இறங்கியிருக்கிறது. டயர் நசுங்கியதும் அதில் கொஞ்சம் இருக்கும், அதை விட்டுவிட்டே கணக்குப் போடுகிறேன். ஆக்சில், சக்கரம் எல்லாம் சேர்ந்து ஒரு 180 கிலோ பட்டைக்குக் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பட்டை தாங்குவது காலியில் 560 கிலோ, லோடில் 1,960 கிலோ.

ஸ்பிரிங் மேல் இருக்கும் எடை மூன்றரை மடங்கு மாறுகிறது, ஸ்பிரிங்கோ மாறவில்லை. முழு லோடில் உங்கள் வண்டியின் பின்பக்கம் நொடிக்கு ஏறக்குறைய 1.5 தடவை மேலும் கீழும் ஆடும். தொட்டில் ஆட்டுவதைவிடச் சற்று வேகம், உடம்பு ஏற்றுக்கொள்ளும். காலியில் அதுவே 2.8 தடவை. அந்த 900 அட்டைக்குத்தான் இந்தப் பட்டை சரியான பட்டை. கடைசி 100 அட்டைக்கு இது இரும்புக் கட்டை. அதனால்தான் திருப்பூரில் உடைகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால்தான் வளையும். துரு பிடித்துக் காய்ந்துபோன செட் சின்னக் குழிகளுக்கு வழுக்கவே வழுக்காது, ஒரே கட்டியாக நிற்கும். அப்போது உங்களுக்கு ஸ்பிரிங்காக மிஞ்சுவது டயர் மட்டும்தான். அதிலும் 75 பவுண்டு. இந்த நிலையில் அதிர்வு இன்னும் வேகமாகும். மனித உடம்புக்கு மேல்கீழ் அதிர்வில் மிகவும் ஒவ்வாதது நொடிக்கு 4 முதல் 8 வரையிலான வேகம். முழு உடல் அதிர்வுக்கான ஐஎஸ்ஓ 2631 தரநிலை அந்தப் பகுதிக்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்கிறது. உங்கள் இடுப்பு வலி அங்கிருந்து வருகிறது.

பட்டை உருவுவதைப் பற்றி ஒரு கணக்கு. பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 7 மி.மீ. பட்டை 343 என்றால் 10 மி.மீ. பட்டை 1,000. ஒரு தடித்த பட்டை, கிட்டத்தட்ட மூன்று மெல்லிய பட்டைக்குச் சமம். "ஒண்ணுதானே" என்று உருவுவது ஒன்று அல்ல.

பிரேக்_பிரிவு

யாரும் பிரேக்கைப் பற்றிப் பேசவில்லையே.

வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். பல பிக்கப்புகளில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி மேலே போய் சேசிஸில் இருக்கும் சின்ன வால்வில் மாட்டியிருக்கும். சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதை வைத்து, லோடு இருக்கிறதா இல்லையா என்று அந்த வால்வு தீர்மானிக்கும். இடைவெளி குறைந்தால் லோடு என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் கொடுக்கும்.

பட்டையை உருவினால் காலி வண்டியே தாழ்ந்து நிற்கும். வால்வு லோடு இருப்பதாக நினைக்கும். மழையில் திடீரென்று பிரேக் அடித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் திரும்பும். அதிக பாரம் ஏற்ற எக்ஸ்ட்ரா பட்டை போடுகிறவர்களுக்கு இதே ஆபத்து தலைகீழாக வரும்: முழு லோடிலும் வால்வு காலி என்று நினைத்துப் பின் பிரேக்கை முழுதாகத் தராது.

@கொல்லிமலை70, உங்கள் வண்டியில் அந்தக் கம்பி இருக்கிறதா என்று தயவுசெய்து இன்றே பாருங்கள்.

கொல்லிமலை70

பார்த்தேன். இருக்கு. போன ஐப்பசியில ராசிபுரம் பக்கம் மழையில வண்டி ஒரு தடவை வால் வீசுச்சு. டயர் தேஞ்சிருக்குன்னு நினைச்சு டயரை மாத்தினேன். இந்தக் காரணம் யோசிக்கவே இல்லை. உருவின பட்டை வீட்டுலதான் கிடக்கு. திரும்பப் போட்டுடறேன். மேல நான் சொன்ன யோசனையை யாரும் எடுத்துக்காதீங்க.

பட்டறை_சேலம்

நல்ல முடிவு. பழைய பட்டையை அப்படியே மாட்டாதீங்க, வளைவு சரியா இருக்கான்னு பக்கத்துப் பட்டையோட வச்சுப் பார்த்து மாட்டுங்க. பட்டை செட்டை ஆக்சிலோட சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட்டு புதுசு போடுங்க.

ஹூஸ்டன்_தமிழன்

நான் டெக்சாஸில் இருக்கிறேன், முக்கால் டன் வகை பிக்கப். டிரெய்லர் இழுக்க வாங்கினேன். மாதத்தில் இரண்டு நாள் டிரெய்லர், மற்ற நாளெல்லாம் காலி. உங்கள் பிரச்சினையேதான் எனக்கும், ரோடு மட்டும் வேறு.

இங்கே பலர் முதலில் வாங்குவது ஏர் பேக் (விபத்தில் விரிவது அல்ல, பின் ஆக்சிலுக்கு மேல் வைக்கும் காற்றுப் பை). நானும் வாங்கினேன், காசு வீண். பட்டையோடு கூடுதலாக ஒரு ஸ்பிரிங்கைச் சேர்க்கும் சாதனம் அது. பின்பக்கம் லோடில் தாழாமல் நிற்கும், அதற்கு நல்லது. காலி வண்டியை மெதுவாக்க அதனால் முடியாது.

எனக்கு உண்மையில் உதவியது காற்றழுத்தம். கதவு ஸ்டிக்கரில் பின் டயருக்கு 80 பவுண்டு என்று போட்டிருக்கும், அது முழு லோடுக்கு. காலி ஆக்சில் எடையைப் பார்த்து, டயர் கம்பெனியின் பார அட்டவணையில் அந்த எடைக்கு எவ்வளவு தேவை என்று தேடி, கொஞ்சம் கூடுதலாகவே 55 வைத்தேன். டிரெய்லர் மாட்டும் முன் மறுபடி 80. வித்தியாசம் முதல் தெருவிலேயே தெரிந்தது.

இங்கே கம்பெனிகளே இதற்கு வழி தேடியிருக்கின்றன. ராம் 2500 வண்டியில் 2014 மாடலிலிருந்து பின்பக்கம் பட்டையே கிடையாது, காயில் ஸ்பிரிங். அதிக பாரம் இழுக்கும் 3500-இல் பட்டையை வைத்திருக்கிறார்கள்.

அதிர்வெண்

முட்டைக்காரர் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹூஸ்டன் நண்பருக்குக் காலி நாள் வேறு, லோடு நாள் வேறு. இவருக்குக் காலையில் முழு லோடு, மாலையில் காலி. ஒவ்வொரு கடையிலும் காற்றை இறக்க முடியாது. குறைந்த காற்றில் முழு லோடு போனால் டயரின் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும், சித்திரை வெயிலில் சொல்லவே வேண்டாம்.

கையேட்டில் முழு லோடுக்கு எவ்வளவு போட்டிருக்கிறதோ அதை வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள்.

முட்டைவண்டி

கையேட்டை இப்பதான் பிரிச்சுப் பார்க்கிறேன். முன்னாடி 45, பின்னாடி 65 போட்டிருக்கு. முன் சக்கரத்துல 30 பவுண்டு அதிகமா வச்சு நாலு வருஷம் ஓட்டியிருக்கேன்.

வன்னிக்கெப்

கிளிநொச்சியில இருந்து எழுதுறன். என்னட்ட டபிள் கெப் ஒண்டு நிக்குது, தோட்டச் சாமான் ஏத்துறது. இஞ்ச கிரவல் றோட்டுதான் கனக்க. சின்னச் சின்ன அலை மாதிரி றோட்டு, உடம்பெல்லாம் நடுங்கும்.

லீப்புக்கு, அதுதான் நீங்கள் சொல்லுற பட்டைக்கு, நடுவில கிறீஸ் போடுறதைப் பற்றி ஒரு விசயம் சொல்ல வேணும். நான் போட்டு ஆறு மாசத்தில புழுதியும் கிறீசும் சேர்ந்து அரைக்கிற மா மாதிரி வந்திட்டுது. கழட்டிப் பாக்கேக்க லீப் தேய்ஞ்சு கிடந்தது. பிறகு கிறீஸ் இல்லாமல், நுனியில வைக்கிற நைலோன் துண்டுகள் மட்டும் புதுசாப் போட்டன். மூண்டு வருசம் நல்லா நிக்குது.

பட்டறை_சேலம்

நீங்க சொல்றது சரிங்க. சாதா சேசிஸ் கிரீஸ் போட்டா அப்படித்தான் ஆகும். நான் கிராஃபைட் கிரீஸை மெல்லிசாத் தேய்ச்சு, மேல வழியறதைத் துணியால துடைச்சிடுவேன். தார் ரோடு வண்டிக்கு அது போதும். மண் ரோடு வண்டிக்கு உங்க முறைதான் சரி, நானும் துண்டு மட்டும்தான் மாத்திவிடுவேன்.

தம்பி, ஞாயித்துக்கிழமை வண்டியைக் கொண்டுவா. தனிச்செய்தியில இடம் அனுப்புறேன்.

முட்டைவண்டி

போயிட்டு வந்தேன். என் கண்ணால பார்த்ததை அப்படியே எழுதறேன்.

ஜாக்கி வச்சு, சேசிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து, யூ போல்ட்டைக் கழட்டினாங்க. பட்டைகளை நடுவுல கோர்த்துப் பிடிக்கிற சென்டர் போல்ட்டைத் தளர்த்தினதும் பட்டை செட் பிரியணும். பிரியலை. நாலு வருஷ மழையும் உடைஞ்ச முட்டை ஒழுகினதும் சேர்ந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடந்துச்சு. உளி வச்சுத் தட்டித்தான் பிரிச்சாங்க. உள்ளேயிருந்து செங்கல் பொடி மாதிரி துரு கொட்டுச்சு, ஒரு கை அளவுக்கு.

ரெண்டாவது பட்டை நுனியில இருக்கவேண்டிய ரப்பர் துண்டு ரெண்டு பக்கமும் இல்லை. எப்ப விழுந்துச்சோ தெரியலை. அந்த நுனி மெயின் பட்டையின் அடிப்பக்கத்தை அரிச்சு ஒரு பள்ளம் போட்டிருந்தது. அண்ணன் என் விரலைப் பிடிச்சு அதுமேல வச்சுத் தேய்க்கச் சொன்னார். நகம் போய் மாட்டி நின்னுச்சு. "இங்கதான் ஒருநாள் முறியும்"னார். அந்த மெயின் பட்டை ரெண்டையும் மாத்திட்டோம். ஒரு பட்டை உருவியிருந்தா இந்தப் பள்ளத்தோட ஒன்றரை டன்னும் அதுமேல உக்காந்திருக்கும். அதை நினைச்சா இன்னும் கை நடுங்குது.

ஷேக்கிள் புஷ்ஷுல இரும்புக் குழாய் போல்ட்டோட இறுகிப் பிடிச்சிருந்தது, ஷேக்கிள் அசையவே இல்லை. புதுசு போட்டாச்சு. போல்ட்டை வண்டி தூக்கியிருக்கும்போது முழுசா இறுக்கலை. தரையில இறக்கி, வண்டி தன் எடையில உக்காந்த பிறகுதான் இறுக்கினார். தூக்கின நிலையில இறுக்கினா வண்டி இறங்கும்போது புஷ் ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும், சீக்கிரம் கிழியும், ஓட்டமும் விறைப்பா இருக்கும்னு விளக்கினார்.

செலவு மெயின் பட்டை ரெண்டு, புஷ், துண்டு, யூ போல்ட், கூலி எல்லாம் சேர்த்து 9,400. காத்து முன்னாடி 45, பின்னாடி 65.

திரும்பி வரும்போது சின்னக் குழிகள் தெரியவே இல்லை. ஆனா புதுசா ஒண்ணு. பாலம் ஏறி இறங்கும் இடத்துல பின்பக்கம் ரெண்டு மூணு தடவை எழும்பி எழும்பி அடங்குது. முன்னாடி இப்படி இல்லை.

அதிர்வெண்

எதிர்பார்த்ததுதான். இத்தனை நாள் உங்கள் ஆட்டத்தை அடக்கியது பட்டைகளின் உரசல். அது நீங்கியதும் ஷாக் அப்சார்பர் தன் வேலையைச் செய்ய வேண்டும். அது எப்போதோ செத்திருக்கும், துரு அதை மறைத்துவிட்டது. அடியில் போய் ஷாக் உடம்பில் எண்ணெய் கசிந்து மண் ஒட்டியிருக்கிறதா பாருங்கள்.

மாற்றும்போது கம்பெனி அளவையே போடுங்கள். "ஹெவி டூட்டி" என்று இன்னும் விறைப்பான ஷாக் விற்பார்கள். அதைப் போட்டால் காலி வண்டி மறுபடியும் அடிக்கும்.

முட்டைவண்டி

இடது ஷாக் முழுக்க எண்ணெய், மேல மண் பூசின மாதிரி. கழட்டிக் கையால அமுக்கினா எதிர்ப்பே இல்லாம உள்ள போகுது, திரும்பி வரவே இல்லை. ரெண்டும் மாத்தியாச்சு. பாலத்துல இப்ப ஒரே எழும்பல், அடங்கிடுது.

கோயம்பேடு_நடை

தொட்டியில முட்டையை எப்படி அடுக்கறீங்க? கடைசிக் கடை அட்டைகள் எங்கே நிக்கும்?

முட்டைவண்டி

கடைசியில மிஞ்சறதை வால் பக்கம், கதவு ஓரமா இழுத்து வச்சுக்குவேன். மேல ஏறாம கீழே நின்னே எடுத்துடலாம்.

கோயம்பேடு_நடை

அங்கதான் விட்டீங்க. பஸ்சுல கடைசி சீட்டுல உக்காந்தா என்ன ஆகும்? ஆக்சிலுக்குப் பின்னாடி தொங்கற இடம் அது, இருக்கறதுலயே அதிகமா எழும்பற இடம். நான் தக்காளி ஏத்தறவன். பெட்டி குறையக் குறைய மிஞ்சினதைக் கேபின் சுவர் ஓரமாத் தள்ளி, மேல ஒரு பழைய மெத்தையைப் போட்டு பெல்ட்டால இறுக்கிடுவேன். மெத்தை முக்கியம். மேல் அட்டை துள்ளாம இருந்தாத்தான் கீழ் அட்டை தப்பிக்கும்.

பத்து நிமிஷம் கூடுதலாகும். ஆனா காசு அங்கதான் இருக்கு.

லோடு_ஏத்து

எல்லாரும் இவ்வளவு கஷ்டப்படறீங்க. நான் ரெண்டு எக்ஸ்ட்ரா பட்டை போட்டு ரெண்டரை டன் ஏத்தறேன், ரிட்டனும் லோடு பிடிச்சுடறேன். காலியாவே ஓட்டறதில்லை.

பிரேக்_பிரிவு

ரிட்டன் லோடு பிடிப்பது நல்ல யோசனை. 1.7 டன் வண்டியில் ரெண்டரை டன் ஏற்றுவது அப்படியல்ல. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. அபராதத்தைக் கட்டிவிடலாம். உங்கள் பிரேக் டிரம், ஹப் பேரிங், டயர் எதுவும் அந்த எடைக்குச் செய்ததல்ல. வால்வைப் பற்றி மேலே எழுதியதைப் படியுங்கள். எதிரே குடும்பத்தோடு ஒரு பைக் வருகிறது என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

முட்டைவண்டி

மூணு வாரம் ஓட்டிப் பார்த்துட்டு எழுதறேன்.

கடைசி அட்டைகளைக் கேபின் ஓரமாத் தள்ளி, மேல மெத்தை, பெல்ட்டு. திருப்பூர்க் கடையில நேத்து 100 அட்டையில விரிசல் 7. முந்தாநாள் 5. கடைக்காரர் ரெண்டு அட்டையைப் பிரிச்சுப் பார்த்துட்டு, கழிக்காம முழுக் காசையும் கொடுத்தார்.

சீட்டையும் பார்த்தேன். ஃபோம் நடுவுல அமுங்கி, அடியில இருக்கிற தகடு கைக்கு நேராத் தட்டுப்பட்டுச்சு. இத்தனை நாள் அதுமேல ஒரு தலகாணி போட்டு உக்காந்திருந்தேன், தலகாணி வழுக்கி இடுப்பு ஒரு பக்கமா சாஞ்சே இருந்திருக்கு. சீட் கடையில அழுத்தமான ஃபோம் வச்சுத் தச்சாச்சு, 1,800 ரூபாய். வீட்டுக்கு வந்ததும் தரையில படுக்கிற பழக்கம் இந்த வாரம் ரெண்டே நாள்தான்.

காலியா வரும்போது இன்னும் கார் மாதிரியெல்லாம் இல்லை, லோடு வண்டி லோடு வண்டிதான். வேகத்தடையில 15-க்கு மேல போகாம ஏத்தறேன். பெருந்துறை பக்கம் ஊர்க்காரங்களே போட்ட ஒரு தடை இருக்கு, கூரை முகடு மாதிரி. அதுக்கு எந்தப் பட்டையும் பதில் சொல்லாது, முழுசா நின்னுதான் ஏறணும்.

அண்ணே, புது யூ போல்ட்டு போட்டு இன்னைக்கு 1,900 கி.மீ. ஆச்சு. ஏதாவது பார்க்கணுமா?

பட்டறை_சேலம்

500-லயே ஒரு தடவை இறுக்கம் பார்த்திருக்கணும் தம்பி, அன்னைக்கு உங்கிட்ட சொல்ல விட்டுட்டேன். புதுப் பட்டை உக்காந்ததும் யூ போல்ட்டு தளரும். தளர்ந்து ஓடினா சென்டர் போல்ட்டு வெட்டிக்கும். நாளைக்கு லோடு ஏத்தறதுக்கு முன்னாடி நாமக்கல்லுலயே யார்கிட்டயாவது நாலு போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வச்சு இறுக்கிட்டுக் கிளம்பு. அதுக்கப்புறம் ஒவ்வொரு எஃப்சிக்கும் (வண்டித் தகுதிச் சான்று) முன்னாடி பட்டை செட்டைப் பிரிச்சு ரப்பர் துண்டு இருக்கான்னு பார்த்துக்கோ.

முட்டைவண்டி

காலையில அஞ்சு மணிக்கே இறுக்கியாச்சு அண்ணே. இடது பக்கம் ரெண்டும் கால் சுத்து உள்ள போச்சு. இப்பதான் 900 அட்டை ஏத்தி முடிச்சோம், கிளம்பறேன்.